உங்கள் கருத்து மேலிடத்துக்கு அறிவிக்கப்படும்

கீரியில் பொதுமக்கள் கலந்தாலோசனைக் கூட்டம் என்றால் அது காலை பத்து மணிக்குத்தான் நடக்கும். இரவு கடலுக்குப் போனவன் கரை வந்து, வலையில் பட்ட மீனைக் கழற்றி, ஏலத்தில் கொடுத்துவிட்டுக் கண்ணயரும் நேரம் அது. பெண்களுக்கு உலை கொதிக்கும் நேரம். இளசுகள் பள்ளிக்கூடத்திலோ நகரத்தில் ஏதாவது கடையிலோ நிற்கும். ஆக, மிஞ்சுவது வயதானவர்களும், ஐந்தாறு சங்கங்களுக்கு ஒரேயடியாகத் தலைவராக இருக்கும் ஒருவரும், எந்தத் திணைக்களம் எந்த விஷயத்துக்குக் கூப்பிட்டாலும் தவறாமல் வந்து முன்வரிசையில் குந்தும் நாலைந்து நிரந்தரப் பொதுமக்களும்தான். நிர்வாகத்துக்கு அவ்வளவு போதும். அதற்கு மேல் வந்தால் கதிரை காணாது.

போனவுடன் கைக்கு வருவது வரவுத் தாள். தொடர் இலக்கம், பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, ஆணா பெண்ணா, கையொப்பம். கருத்து என்று ஒரு நிரல் அதில் இல்லை. கூட்டம் தொடங்குமுன்னே கையெழுத்து வாங்கி முடித்துவிடுவார்கள். நியாயம்தானே? கூட்டம் முடிந்தபிறகு கேட்டால் சிலர் போடமாட்டார்கள்.

பிறகு மங்கள விளக்கு, இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை. புறொஜெக்டரில் விழும் படங்களில் எழுத்தெல்லாம் ஆங்கிலம். பேசுகிறவர் சிங்களம். மொழிபெயர்ப்பதற்கு ஒரு தம்பி, அவருக்குப் பின்னேரம் வேறொரு கூட்டம். ஒன்றரை மணித்தியாலம் அவர்கள் எங்களுக்கு விளக்கியபிறகு, நாங்கள் அவர்களுக்குச் சொல்ல ஐந்து நிமிடம் கிடைக்கும். 'நேரம் போட்டுது, சுருக்கமாகக் கதையுங்கோ' என்று முதலே சொல்லிவிடுவார்கள்.

அப்படியொரு கூட்டத்தில் பின்வரிசையில் இருந்து ஒரு அம்மா எழும்பினார். எழும்பியவர் இலகுவில் இருக்கவில்லை. 'தம்பி, முந்தி மாரிக்கு வாற தண்ணி ரெண்டு நாளில கடலுக்கு ஓடிரும். எங்கட அப்பு காலத்தில இருந்து அது ஓடின வழி எங்களுக்குத் தெரியும். நீங்க பெரிய காத்தாடிக்கு றோட்டுப் போடுறன் எண்டு வழிய மறிச்சுப்போட்டிங்க. இப்ப தண்ணி எங்கட அடுப்புக்குள்ள குடியிருக்கு. கிணத்துத் தண்ணி வாயில வைக்க ஏலாது. பிள்ளையளுக்குக் காய்ச்சல். ஆரக் கேட்டு றோட்டுப் போட்டனிங்க? உங்கட வீட்டுக்குள்ள தண்ணி நிண்டா இப்பிடி வந்து படம் காட்டுவிங்களா?'

மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொன்னது ஒரு வசனம்: இவர் வெள்ளம் பற்றிக் கவலை தெரிவிக்கிறார்.

கூட்டக் குறிப்பில் அது 'வடிகால் வசதி கோரப்பட்டது' என்று பதிந்தது. மேலே போன அறிக்கையில் அது என்ன உருவம் எடுத்திருக்கும் என்று எனக்கு ஊகிக்கத் தெரியும்: பிரதேச மக்கள் உட்கட்டமைப்பு மேம்பாட்டை வரவேற்றனர். கோபமாக ஏறிய ஒரு வார்த்தை மூன்று மேசை தாண்டுவதற்குள் நன்றியறிதலாகிவிடும். நடுவில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆளாளுக்குக் கொஞ்சம் சுருக்கினார்கள், அவ்வளவுதான். அந்த அம்மா எழும்பி நின்றதைப் படமும் எடுத்தார்கள். விரலை நீட்டிப் பேசும் பெண், பின்னால் பதாகை. ஆண்டறிக்கையில் 'பெண்களின் செயலூக்கமான பங்களிப்பு' என்று அடியில் போட இதைவிட நல்ல படம் கிடைக்காது.

முடிவில் தலைமை தாங்கியவர் எழுந்து, 'உங்கள் கருத்துகள் மேலிடத்துக்கு அறிவிக்கப்படும்' என்றார். றோல்ஸும் தேத்தண்ணியும் வந்தன. மேலிடம் எங்கே இருக்கிறது என்று மட்டும் இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

கீரியைத் தெரியாதவர்களுக்கு: மன்னார்த் தீவின் தென்கரை, நகரத்தில் இருந்து தாழ்வுபாட்டு வீதியால் போனால் வரும் ஊர். பனை, வெண்மணல், அலை அடங்கிய கடல். ஞாயிறு பின்னேரங்களில் நகரத்துச் சனம் பிள்ளைகுட்டியோடு காற்று வாங்க வரும் கடற்கரை. காற்றுத்தான் இப்போது வினையாகிவிட்டது. சோழகக் காற்று இந்தத் தீவில் எப்படி அடிக்கும் என்று எங்கள் பாட்டன்மாருக்குத் தெரியும். அதற்கு ஒரு விலை இருக்கிறது என்பதைக் கொழும்புதான் முதலில் கண்டுபிடித்தது.

பெரியதற்குப் போகுமுன் சின்னதைச் சொல்லிவிடுகிறேன். உள்ளூராட்சியில் மக்களைக் கேட்பதேயில்லை என்று சொன்னால் அது அபாண்டம். கேட்கிறார்கள். கேட்டுக் கேட்டே எங்களைக் களைக்கப் பண்ணிவிட்டார்கள். உலக வங்கிக் காசில் வடக்கு கிழக்கெங்கும் ஓடிய நெல்சிப் திட்டத்தின் காலத்தில் இருந்து பங்கேற்புத் திட்டமிடல் எங்களுக்குப் பழக்கம். டிமை தாளைத் தரையில் விரிப்பார்கள். ஊர் வரைபடம் கீறச் சொல்வார்கள். கோயில், பள்ளிக்கூடம், கிணறு, இறங்குதுறை எல்லாம் மார்க்கர் பேனையால் கீறுவோம். பிறகு ஆளுக்கு மூன்று பச்சைப் பொட்டுத் தருவார்கள். எது முக்கியமோ அதில் ஒட்ட வேண்டும். வீதி, வடிகால், தெருவிளக்கு, மயான மதில், விளையாட்டுத் திடல். பொட்டு எண்ணி முன்னுரிமைப் பட்டியல் எழுதுவார்கள். சில சந்தைகளும் சில வீதிகளும் உண்மையில் வந்தன. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தக் கட்டடங்களின் முகப்புக் கல்லை வாசித்துப் பாருங்கள். காசு தந்தவர் பெயர், திறந்தவர் பெயர், பிரதம விருந்தினர் பெயர். பொட்டு ஒட்டியவர்களுக்குக் கல்லில் இடம் போதவில்லை.

சட்டம் இன்னும் பெரிய மனதுள்ளது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், சபை அமைக்கும் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊரவரையும் சேர்க்கலாம் என்கிறது. நிதி, வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்ப சேவை, சுற்றாடல் என்று குழுக்களே உண்டு. பாதீட்டை நிறைவேற்றுமுன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் வழக்கமும் உண்டு. வைக்கிறார்கள். அலுவலகத்துக்குள், அலுவலக நேரத்தில், அலுமாரிக்குள். பார்க்க வருகிறவனிடம் 'நீங்கள் எந்த அமைப்பில் இருந்து வாறீங்கள்?' என்று கேட்கிறார்கள். பொதுமகன் என்று சொன்னால் மேலும் கீழும் பார்க்கிறார்கள்.

இந்தச் சின்ன உரிமையைக்கூட இரண்டு வருடத்துக்கு மேல் பூட்டி வைத்தார்கள். 2018 இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அதே மார்ச்சில் நடக்க வேண்டிய தேர்தலுக்குத் திறைசேரியில் காசில்லை என்றார் ரணில் விக்கிரமசிங்க. வாக்குச் சீட்டு அச்சடிக்கக் காசில்லாத நாடு வேறு எத்தனையோ செலவை நிறுத்தவில்லை. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. தேர்தல் வந்தது 2025 மே 6 இல். இடையில் சபைகளை அதிகாரிகள் நடத்தினார்கள். வட மாகாண சபையின் கதை இன்னும் மோசம்: 2018 ஒக்டோபரில் காலம் முடிந்த சபைக்கு அதற்குப்பின் தேர்தலே இல்லை. ஆளுநர் ஆளுகிறார்.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், மன்னாரின் தலைவிதியைப் பற்றிய பெரிய கடதாசிகள் எல்லாம் நகர்ந்தது இந்த இருட்டில்தான். இந்தியாவின் அதானி நிறுவனத்தின் மன்னார்க் காற்றாலைக்கான சுற்றாடல் தாக்க அறிக்கை பொதுமக்கள் கருத்துக்கு விடப்பட்டது 2024 தொடக்கத்தில். நூற்றுக்கணக்கான பக்கம். சட்டம் தரும் அவகாசம் 30 நாள். கடலுக்குப் போகிறவன் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, கச்சேரிக்குப் போய், காற்றுச் சுழல்வேகமும் பறவை மோதல் நிகழ்தகவும் படித்து, எழுத்தில் ஆட்சேபனை தர வேண்டும். அந்த நேரம் மன்னார் மாவட்டத்தில் தெரிவுசெய்யப்பட்ட பிரதேச சபை உறுப்பினர் என்று ஒருவர்கூடப் பதவியில் இல்லை. நகர சபை உறுப்பினரும் இல்லை. மாகாண சபை உறுப்பினரும் இல்லை. மக்களைக் கேட்கிறோம் என்று கதவைத் திறந்தார்கள். மக்கள் சார்பில் உள்ளே போகக்கூடிய எல்லாரையும் முதலே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதானி கதையில் உண்மையான கலந்தாலோசனை ஒன்றும் நடந்ததாக ஒரு சாட்சியம் உண்டு. 2022 ஜூனில், அப்போதைய மின்சார சபைத் தலைவர் பெர்டினாண்டோ நாடாளுமன்றத்தில் அரச நிறுவனங்களை விசாரிக்கும் கோப் குழு முன் வந்து, இந்தத் திட்டத்தை அதானிக்குக் கொடுக்கும்படி இந்தியப் பிரதமர் மோடி அழுத்தம் தருவதாக ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச தன்னிடம் சொன்னார் என்றார். கோட்டாபய மறுத்தார். பெர்டினாண்டோ உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிட்டேன் என்று வார்த்தையைத் திரும்ப எடுத்தார், இரண்டொரு நாளில் பதவியையும் விட்டார். அவர் முதலில் சொன்னது சரியா, பிறகு சொன்னது சரியா என்பதை வாசகர் தீர்மானிக்கட்டும். இரண்டு கதையிலும் மன்னாருக்குக் கதிரை போடப்படவில்லை.

அந்தத் திட்டம் போனது எப்படி? மீனவன் மறித்தான் என்றா? வலசைப் பறவைகளுக்காகச் சூழல் அமைப்பினர் உயர் நீதிமன்றம் போனார்கள் என்றா? போனார்கள், அவர்களுக்கு நன்றி. ஆனால் 2024 மே மாதம் அமைச்சரவை ஒத்துக்கொண்ட விலை, ஓர் அலகுக்கு 8.26 அமெரிக்க சதம். ஆட்சி மாறியது, விலை கூடிப்போச்சு என்றார்கள், 2025 பெப்ரவரியில் அதானி விலகிக்கொண்டது. மன்னாரின் மண்ணும் நீரும் மீனும் செய்ய முடியாத காரியத்தைச் சதக் கணக்கு செய்தது. பிறகு அடுத்த கம்பனி 4.65 சதத்துக்கு வந்தது. விலை குறைந்துவிட்டதே, இனி உங்களுக்கு என்ன பிரச்சினை என்று எங்களைப் பார்த்தார்கள். வாங்குகிறவன் விலையைப் பற்றிப் பேசுகிறான், வீட்டுக்குள் தண்ணீர் நிற்பவன் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறான். இது கலந்துரையாடலாம்.

விதி ஒன்றையும் சொல்லிவைக்கிறேன். மீளப்புதுப்பிக்கும் சக்தி நிலையங்களில் 50 மெகாவாட்டைத் தாண்டுபவையே தேசிய சுற்றாடல் சட்டத்தின் கட்டாய அனுமதிப் பட்டியலில் வருகின்றன. 2025 இல் மன்னாரில் இறக்கிய இரண்டு திட்டங்களில் ஒன்று 50 மெகாவாட், மற்றது 20. நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. எண்ணைச் சொன்னேன், அவ்வளவே.

தென்கரையில் ஏற்கனவே நிற்கும் முப்பது காற்றாடிகளுக்கு வருவோம். தம்பபவனி. ஆசிய அபிவிருத்தி வங்கியின் 200 மில்லியன் டொலர் கடன், 103.5 மெகாவாட், 2020 டிசம்பரில் அன்றைய பிரதமர் மகிந்த ராஜபக்ச திறந்து வைத்தார். வங்கியின் பாதுகாப்புக் கொள்கை, பாதிக்கப்படும் மக்களோடு அர்த்தமுள்ள கலந்தாலோசனை நடக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. நடந்திருக்கும். பதிவு இருக்கும். படம் இருக்கும். முன்வரிசை நிரந்தரப் பொதுமக்கள் அதிலும் இருப்பார்கள்.

அந்தக் காற்றாடிகளைச் செய்தது டென்மார்க்கின் வேஸ்டாஸ் நிறுவனம். டென்மார்க்கில் 2009 இல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது: தரையில் காற்றாலை கட்டுகிற எவரும் அதன் உடைமையில் ஐந்தில் ஒரு பங்கையாவது சுற்றுவட்டாரத்தில், 4.5 கிலோமீற்றருக்குள் வாழ்கிறவர்களுக்கு முதலில் விலைக்குக் கொடுக்க முன்வர வேண்டும். பின்னர் அந்த ஏற்பாட்டை மாற்றி வேறு வகை இழப்பீடு கொண்டுவந்தார்கள். எப்படியோ, அயலவனுக்குக் கணக்கில் இடம் இருந்தது. இறகு வந்தது, கோபுரம் வந்தது, அதைப் பொருத்த ஆட்களும் வந்தார்கள். அந்தச் சட்டத்தை மட்டும் கப்பலில் ஏற்ற மறந்துவிட்டார்கள். தீவின் தென்கரையில் பல ஊர்கள் அந்த நாலரைக் கிலோமீற்றருக்குள் அடங்கிவிடும். இங்கே ஒருவனுக்கும் ஒரு பங்கும் இல்லை. இரவில் சிவப்பு விளக்கு மினுங்குவதைப் பார்க்கலாம், அது இலவசம்.

இதைச் சொன்னால் 'நீங்கள் பசுமைச் சக்திக்கு எதிரியா, நிலக்கரிக்கு ஆதரவா?' என்று ஒரு கேள்வி வரும். குளிரூட்டிய அறையில் இருந்து வரும். இல்லை ஐயா. நாங்கள் காற்றுக்கு எதிரியல்ல. காற்றை நம்பிப் பாய் விரித்துக் கடலுக்குப் போன பரம்பரை. சுமார் 130 சதுரக் கிலோமீற்றர் பரப்புள்ள, மேடென்று சொல்ல ஒரு குன்றுகூட இல்லாத மணல் தீவு இது. உப்புத் தண்ணிக்கு மேல் மெல்லிய படையாக மிதக்கும் நன்னீரில் உயிர் வாழ்கிறோம். இங்கே ஓர் அடி மண்ணை உயர்த்தினால் எங்கேயோ ஒரு வீட்டில் தண்ணீர் நிற்கும். இதைச் சொல்ல நீரியல் பட்டம் வேண்டியதில்லை. மாரியில் இரண்டு நாள் எங்களோடு நின்றால் போதும். அப்படி நின்று பார்த்துவிட்டு எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதற்குத்தான் இவ்வளவு கூட்டம் கூட்டுகிறார்கள்.

காற்றோடு முடியவில்லை. மேலே காற்று, கீழே மண். அவுஸ்திரேலியக் கம்பனியொன்று இல்மனைற் தேடி, தீவு முழுக்கத் துளைபோட்டுப் பார்த்தது. டைட்டானியம் சான்ட்ஸ் என்று பெயர். ஆயிரக்கணக்கான துளை. மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்ற விபரம் அவுஸ்திரேலியப் பங்குச் சந்தைக்கு ஒழுங்காக அறிக்கையாகப் போனது. முதலீட்டாளரைக் கலந்தாலோசிப்பதில் அந்தக் கம்பனியிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. துளை போட்ட காணிக்குப் பக்கத்துக் காணிக்காரனுக்குத்தான் விபரம் பிந்தியது. அதிகாரிகள் மண் பார்க்க வந்தபோது சனம் வழியில் நின்று திருப்பி அனுப்பியது. ஒரு தடவையல்ல.

2025 ஓகஸ்ட் தொடக்கத்தில் காற்றாடிப் பாகங்களோடு நீண்ட வாகனங்கள் மன்னாருக்குள் வரத் தொடங்கின. அப்போதுதான் இந்தத் தீவு தன் வாழ்நாளில் முதல் தடவையாக உண்மையான கலந்தாலோசனைக் கூட்டம் ஒன்றை நடத்தியது. பதாகை தாங்களே எழுதினார்கள். நேரம் தாங்களே வைத்தார்கள்: இரவும் பகலும். கத்தோலிக்கக் குருமார் வந்தார்கள், மௌலவிமார் வந்தார்கள், இந்துக்கள் வந்தார்கள், கடற்றொழிலாளர் சங்கங்கள் வந்தன, பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். மன்னார் பிரஜைகள் குழு முன்னின்றது. கொழும்பில் இருந்து எந்த நிறுவனமும் இதற்கு நிதி தரவில்லை. றோல்ஸ் இல்லை. ஒருவரும் வரவுத் தாள் நீட்டவில்லை. அன்றுவரை 'மக்கள் அக்கறை காட்டுவதில்லை, கூட்டத்துக்கு வருவதில்லை' என்று அறிக்கை விட்ட அதே வாய்கள், இப்போது ஏன் இவ்வளவு பேர் வருகிறார்கள், பின்னால் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கின.

ஓகஸ்ட் 13 இல் ஜனாதிபதி அனுர குமார திசாநாயக்க வேலைகளை ஒரு மாதம் நிறுத்தச் சொன்னார். மக்களோடு பேசித் தீர்ப்போம் என்றார்கள். நாங்களும் நம்பினோம், நம்புவதற்கு எங்களுக்கு ஒரு தனி வியாதி உண்டு. அதிகாரிகளும் நிபுணர்களும் வந்தார்கள், பார்த்தார்கள், குறித்தார்கள். மாதம் முடிந்தது. செப்டெம்பர் கடைசியில் முடிவு வந்தது: அந்த இரண்டு திட்டங்களின் பதினான்கு காற்றாடியும் நிற்கும். ஒரு மாதம் கேட்டார்கள், அந்த ஒரு மாதத்தில் ஒரு காற்றாடியின் இடம்கூட மாறவில்லை. கூடவே ஓர் ஆறுதல் வார்த்தையும் வந்தது: இனிமேல் மன்னார்த் தீவில் மக்களின் சம்மதம் இல்லாமல் புதிய காற்றாலை வராது. மூத்தவளைப் பிடித்திழுத்துத் தாலி கட்டிவிட்டு, இளையவளுக்கு மட்டும் சம்மதம் கேட்பதாக மாமனாரிடம் சத்தியம் செய்கிற மருமகனை எங்கள் ஊரில் வேறு பெயரால் கூப்பிடுவோம்.

செப்டெம்பர் 26 இரவு அந்த வாகனங்கள் பொலிஸ் காவலோடு வந்தன. பாதையில் நின்ற சனத்தைப் பொலிசார் அடித்துக் கலைத்தார்கள். குருமாரும் அடிபட்டார்கள், பெண்களும் இழுபட்டார்கள். பத்து மணிக் கூட்டத்துக்கு ஐம்பது பேரைச் சேர்க்க முடியாமல் தவிக்கிற அரசாங்கம், கூப்பிடாமலே சேர்ந்த சனத்துக்கு எத்தனை பொலிசாரை ஒரே இரவில் சேர்த்தது என்று பாருங்கள். செப்டெம்பர் 29 மன்னார் கடையடைத்தது. பஸ் ஓடவில்லை. கடைக்காரர், மீன்காரர், ஓட்டோக்காரர் எல்லாரும் ஒரு நாள் உழைப்பை விட்டார்கள். அதை எந்தத் திட்டமிடல் பிரிவும் பொட்டு ஒட்டி எண்ணவில்லை.

1969 இல் ஷெரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பெண் குடிமக்கள் பங்கேற்புக்கு எட்டுப் படி கொண்ட ஏணி ஒன்றை வரைந்தார். அடிப் படி சூழ்ச்சி: மக்களைக் கூட்டி வைத்து ஏற்கனவே எடுத்த முடிவுக்குத் தலையாட்ட வைப்பது. உச்சிப் படி மக்களின் கட்டுப்பாடு. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989 முதல் தன் பாதீட்டின் ஒரு பகுதியை மக்கள் கூட்டங்களில் வைத்துத் தீர்மானித்தது. கேரளம் 1996 இல் தன் திட்டப் பணத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் பஞ்சாயத்துகளிடம் கொடுத்து, ஊர்ச் சபைகளில் திட்டம் போடச் சொன்னது. அங்கேயும் குறை உண்டு, கட்சிச் சண்டை உண்டு. ஆனால் காசும் சேர்ந்து கீழே இறங்கியது. இங்கே இறங்குவது படிவம் மட்டும். தெருவிளக்கை எந்தக் கம்பத்தில் கட்டலாம் என்று எங்களிடம் கேட்பார்கள். கோபுரத்தை எங்கே நடலாம் என்று கேட்கமாட்டார்கள்.

இப்போது 'பிரஜா சக்தி' வந்திருக்கிறது. 2025 ஜூலையில் தொடங்கினார்கள். கிராம அலுவலர் பிரிவுக்கு ஒரு சமூக அபிவிருத்திக் குழு. வறுமையை மக்களே ஒழிக்கும் திட்டம். வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. தலைவர் மட்டும் மேலிருந்து நியமனக் கடிதத்தோடு வருவார். அதே ஆண்டு மே மாதம் வாக்குப் போட்டு நாங்கள் தெரிவு செய்த உறுப்பினர் ஒருபக்கம் நிற்கட்டும். யாரும் வாக்குப் போடாத ஒருவர் ஊரின் சார்பில் கையெழுத்து வைப்பார். தேர்தலில் வெல்ல முடியாத வட்டாரங்களில் ஆளும் கட்சிக்கு இது வசதியான ஏற்பாடு. ராஜபக்சக்கள் செய்தால் குடும்ப ஆட்சி, ரணில் செய்தால் சூழ்ச்சி, இன்றைய ஆட்சியின் தோழர்மார் செய்தால் மக்கள் சக்தி.

எங்கள் பக்கத்தையும் சும்மா விட முடியாது. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் கமெரா வரும்வரை காத்திருந்து கர்ச்சித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு மாயமாகும் எங்கள் பிரதிநிதிகளை எனக்குத் தெரியும். சங்கத் தலைவர் பதவியைச் சீதனக் காணிபோல் வைத்திருப்பவர்களையும் தெரியும். முன்வரிசையில் இருந்து 'மிக நல்ல திட்டம் சேர்' என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து பீடி பற்றவைத்துக்கொண்டு 'இவங்கள் எங்கள அழிச்சுப்போடுவாங்கள்' என்கிறவர்களோடு நானும் நின்றிருக்கிறேன். பெண்களுக்குச் சட்டப்படி நாலில் ஒரு பங்கு ஆசனம் கொடுத்தும், வேட்பாளர் பட்டியலை யாருடைய வீட்டுத் திண்ணையில் எழுதினார்கள் என்று கட்சிகளைக் கேட்டுப் பாருங்கள். கொழும்பு எங்களை ஏமாற்றுகிறது. ஏமாறுவதற்கு வேண்டிய கதிரையும் மேசையும் நாங்களேதான் சுமந்து கொடுக்கிறோம்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் ஒன்று கையில் இருக்கிறது. அதன் 9ஆம் பிரிவு, வெளிநாட்டுக் காசில் ஒரு லட்சம் டொலருக்கும், உள்நாட்டுக் காசில் ஐந்து லட்சம் ரூபாவுக்கும் மேற்பட்ட எந்தத் திட்டத்தையும் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே, பாதிக்கப்படும் மக்களுக்கு அறிவிக்க வேண்டிய கடமையை அமைச்சர்மீது வைக்கிறது. விண்ணப்பத்துக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழில் எழுதலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். தரவில்லையென்றால் மேன்முறையீடு, பிறகு ஆணைக்குழு.

கீரியிலும் தாழ்வுபாட்டிலும் தோட்டவெளியிலும் பேசாலையிலும் இருப்பவர்களைக் கேட்கிறேன். உங்கள் ஊரில் எந்தத் திகதியில் எந்தக் கூட்டம் நடந்தது, யார் வந்தார்கள், என்ன சொன்னதாகக் குறித்திருக்கிறார்கள், அது எந்த அறிக்கையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஆளுக்கொரு விண்ணப்பம் எழுதுங்கள். ஒன்றல்ல, ஐந்நூறு. அடுத்த காற்றாலைக்கு உங்கள் சம்மதம் வேண்டும் என்று அவர்களே வாக்குத் தந்திருக்கிறார்கள். அதை நீங்கள் ஏற்கனவே கொடுத்துவிட்டதாக எங்காவது எழுதியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.